புகையை விட்ட முதல் மாதங்கள்: உடம்பில் என்ன மாறியது? வன்னி அனுபவங்கள்

வணக்கம் உறவுகளே. சிகரெட்டை விட்டவர்களிடம் கேட்டால் பலரும் "விட்டாச்சு, இப்ப நல்ல சுகம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் நடந்ததை யாரும் சொல்வதில்லை. எங்கள் பக்கத்துப் பெடியள் திரும்பவும் பெட்டிக்கடைக்குப் போவது அந்த நடுவில்தான். எனக்கு நடந்ததை, வந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். நல்லதும் வந்தது. ஆனால் கொஞ்சம் கெட்டது முதலில் வந்தது.

நான் கிளிநொச்சிப் பக்கம். இரணைமடுத் தண்ணீரில் வயல். வயல் வேலை இல்லாத நாளில் உழவு மெசினும் லான்ட்மாஸ்டரும் திருத்துவேன். புகை பழகியது 2009-இல், செட்டிகுளம் முகாமில். தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, பதிவுக்கு வரிசை. கைக்கு வேலை இல்லை, பீடி இருந்தது. ஊருக்கு வந்த பிறகு பீடி சிகரெட் ஆனது. பீடி சின்னது, இலையில் சுற்றியது, அதனால் பாதிப்புக் குறைவு என்று இப்போதும் சிலர் வாதாடுகிறார்கள். அது பிழை. பீடி அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். தாரும் காபனோரொட்சைட்டும் சிகரெட்டை விடக் கூடத்தான் உள்ளே போகும்.

விட்டதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒரு சிகரெட் விலைக்குக் கிட்டத்தட்ட ஒரு இறாத்தல் பாண் வாங்கலாம் என்று வந்துவிட்டது. சோழகம் தொடங்கினால் குளக்கட்டில் எதிர்க்காற்றுக்குச் சைக்கிள் மிதிக்க எனக்கு மூச்சுப் போதவில்லை. இரண்டும் சேர்ந்து போதும் என்றாகிவிட்டது.

கிளினிக்கில் மிஸ்ஸி நன்றாக விளங்கப்படுத்தினார். கடைசிச் சிகரெட்டை அணைத்து 20 நிமிடத்தில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்குமாம். 12 மணித்தியாலத்தில் இரத்தத்தில் உள்ள காபனோரொட்சைட்டு வழமைக்கு வந்துவிடுமாம். உண்மைதான். ஆனால் இதில் எதுவும் வெளியில் தெரியாது. வெளியில் தெரிந்தது என் கோபம் மட்டும். சாவி ஒன்று கைநழுவினால் மெசினையே உதைக்கத் தோன்றியது. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். நிக்கொட்டின் இல்லாத உடம்பு முதல் இரண்டு மூன்று நாளில்தான் அதிகம் முறுக்கும். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் படிப்படியாக இறங்கிவிடும். இதை வீட்டுக்காரருக்கும் முதலே சொல்லி வைப்பது நல்லது.

அப்புறம் தேத்தண்ணிச் சங்கதி. இது எனக்குப் பெரிய புதினம். சிகரெட் இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், நாள் முழுக்க வெறுந்தேத்தண்ணியாகக் குடித்தேன். இரவில் கண் மூடாது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். சிகரெட் இல்லாததால்தான் இப்படி, ஒன்று இழுத்தால் சரியாகிவிடும் என்று மனம் கணக்குப் போட்டது. உண்மை வேறு. புகையில் உள்ள சில இரசாயனங்கள், தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனை ஈரல் வேகமாக உடைத்துத் தள்ளும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே தேத்தண்ணி இரத்தத்தில் கூட நேரம் நிற்கும். தேத்தண்ணியைப் பாதியாக்கினேன், பின்னேரத்துக்குப் பிறகு தொடவேயில்லை. நித்திரை வந்தது. இதைத் தெரியாமல் எத்தனை பேர் "என்னால ஏலாது" என்று திரும்பிப் போயிருப்பார்கள்!

அடுத்தது இருமல். புகைத்த காலத்தில் காலையில் மட்டும் இருமியவன், விட்ட பிறகு பகலெல்லாம் இருமினேன். சளியும் கறுப்பாக வந்தது. அம்மா உடனே காசநோய் என்று முடிவு கட்டிவிட்டார். மூச்சுக்குழாயின் உட்சுவரில் மிக நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. அழுக்கையும் சளியையும் மேலே தள்ளுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கி வைக்கும். புகை நின்றதும் அவை மீண்டும் அசையத் தொடங்கும், தேங்கிக் கிடந்தது மேலே வரும். சிறுபோகத்துக்குத் துருசு திறந்தால் வாய்க்காலில் முதலில் வருவது சருகும் சேறும்தானே, அதுதான் இது. ஆனாலும் அம்மாவின் பயத்தையும் நான் தட்டிக்கழிக்கவில்லை. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால், அதுவும் காய்ச்சல், மெலிவு, இரத்தம் என்று ஏதாவது சேர்ந்தால், "புகை விட்ட இருமல்தான்" என்று வீட்டில் இருக்கக் கூடாது. நான் சளிப் பரிசோதனை செய்தேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. இருமலும் மெல்ல மெல்ல அடங்கியது.

சரி, இனி நல்லது. முதலில் திரும்பி வந்தது மூக்கு. மூக்குத் திறந்தால் மல்லிகை மணக்கும் என்று நினைக்காதீர்கள். எனக்கு முதலில் மணத்தது என் சேட்டும் தலையணையும். இவ்வளவு காலமும் இந்த நாற்றத்தோடா வீட்டில் எல்லோரும் இருந்தார்கள் என்று வெட்கமாகப் போய்விட்டது. பிறகு ஒருநாள் பரந்தன் பக்கம் போகையில் ஆலையில் நெல் அவிக்கிற மணம் றோட்டுக்கே வந்தது. அதே றோட்டில் எத்தனையோ தரம் போயிருக்கிறேன்.

நாக்கு அடுத்தது. ஜப்பான் மீன் குழம்பில் உப்புக் கூட என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தாள். "நீங்கள் காணாது காணாது எண்டுதானே நான் அள்ளிப் போட்டுப் பழகினனான்." பிரசருக்கு உப்பைக் குறை என்று டொக்டர் சொல்லியும் குறைக்க முடியாதவன், சிகரெட்டை விட்டபின் தானாகக் குறைத்தேன். அந்த வருடம் பாலைப்பழத்தின் இனிப்பும் வேறு மாதிரித்தான் இருந்தது. அதற்கு நாக்கு காரணமா, மழை காரணமா என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

மூச்சு கடைசியாகத்தான் வந்தது. இரத்த ஓட்டமும் சுவாசப்பையின் வேலையும் சீராக இரண்டு கிழமை முதல் பன்னிரண்டு கிழமை வரை பிடிக்கும் என்கிறார்கள். என் கணக்கில் அது நெல் மூடை தூக்கும்போது தெரிந்தது. லோட் ஏற்றி முடித்துவிட்டுப் பக்கத்தில் நின்றவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். முந்தி அந்த நேரத்தில் எனக்குக் கதை வராது, மூச்சு மட்டும்தான் வரும். குளக்கட்டு எதிர்க்காற்றில் இப்போதும் களைக்கிறது, ஆனால் இறங்கி உருட்டுவதில்லை.

கெட்டதில் ஒன்று மிச்சம் இருக்கிறது: வண்டி. வாய்க்கு வேலை வேண்டும் என்று முறிகண்டிக் கச்சானைப் பை பையாகத் தின்றேன். காற்சட்டை எல்லாம் இறுகிவிட்டது. புகையை விட்டவர்கள் பலருக்கும் நான்கைந்து கிலோ ஏறுவது வழமையாம். ஏறட்டும். அதை வயலில் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்களும் எழுதுங்கள். சுகமானதை மட்டும் எழுத வேண்டாம்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு சகோதரி:

அண்ணை, நான் புகைத்தவள் இல்லை, புகைத்தவரைக் கட்டினவள். என்ர மனுசன் கடல் தொழில். வலை போட்டுவிட்டு விடிய மட்டும் காத்திருக்கிற நேரத்தில் பத்துவது. விட்ட முதல் கிழமை அவர் தொழிலுக்குப் போனால் எனக்கு நிம்மதி, அவ்வளவு கோபம்.

மாற்றம் எனக்குத் தெரிந்தது மகனில். சின்னவனுக்கு அடிக்கடி முட்டு வரும், நடுச்சாமத்தில் ஆவி பிடிக்க ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். இவர் வாசலில் நின்றுதான் பத்துவார், உள்ளே பத்துவதில்லை என்று பெருமை வேறு. ஆனால் உடுப்போடும் கையோடும் அது உள்ளே வரும். இவர் விட்ட பிறகு அந்த ஓட்டம் நன்றாகக் குறைந்திருக்கிறது.

கவலை ஒன்று. சிகரெட்டுக்குப் பதிலாக இப்போது வெற்றிலையோடு புகையிலைக் காம்பு வைத்துச் சப்புகிறார். "புகை இல்லைத்தானே" என்கிறார். இதற்கு என்ன சொல்வது?

மல்லாவியிலிருந்து ஒரு ஐயா:

தம்பி, நான் சுருட்டுக்காரன். எழுபது தாண்டியவன். தொய்வுக்காரன் வேறு. என் அனுபவம் ஒன்று மட்டும் சொல்கிறேன், என்னைப் போன்ற வருத்தக்காரருக்கு உதவும். தொய்வுக்குத் தியோபிலின் குளிசை நெடுநாளாகப் போடுகிறேன். சுருட்டை விட்ட பிறகு ஓங்காளம், தலையிடி, நெஞ்சு ஓடுகிற ஓட்டம். சுருட்டு இல்லாமல் உடம்பு கேட்கிறது என்று கிழவியே ஒன்றைச் சுற்றித் தரப் பார்த்தாள். கிளினிக்கில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, புகையை விட்டனீங்களோ?" நீர் தேத்தண்ணிக்குச் சொன்ன அதே கதைதான் இந்தக் குளிசைக்கும். புகை நின்றால் மருந்து உடம்பில் கூட நிற்கும். அளவைக் குறைத்துத் தந்தார், சரியாகிவிட்டது. நீரிழிவுக்கு ஊசி போடுகிறவர்களும், மனநோய்க்குச் சில மருந்து எடுக்கிறவர்களும் விடுவதற்கு முன்பே டொக்டரிடம் சொல்ல வேண்டுமாம். நாங்களாக அளவைக் குறைக்கக் கூடாது.

மற்றப்படி, இரண்டு தலையணை வைத்துப் படுத்தவன் இப்போது ஒன்றில் படுக்கிறேன்.

வவுனியாவிலிருந்து ஒரு தம்பி:

எனக்குச் சித்தப்பா கனடாவில் இருந்து நிக்கொட்டின் சுவிங்கம் அனுப்பினார். சாதாரண சுவிங்கம் மாதிரிச் சப்பித் தள்ளினேன். விக்கலும் வயிற்றுப் பிரட்டலும்தான் கண்ட பலன். பெட்டியில் இருந்த தாளைப் பிறகுதான் வாசித்தேன். மெதுவாகச் சப்ப வேண்டும், காரம் வந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் போனால் திரும்பச் சப்ப வேண்டும். தேத்தண்ணி, சோடா, தேசிக்காய்த் தண்ணி குடித்த கையோடு போட்டால் வேலை செய்யாது, கால் மணித்தியாலம் பொறுக்க வேண்டும். அப்படிச் செய்ததும் ஆசை அடங்கியது.

இன்னொன்று: விட்ட பிறகு பல்லுத் தீட்டும்போது இரத்தம் வந்தது. பல் டொக்டர் சிரித்தார். வருத்தம் முரசில் முதலே இருந்ததாம், புகை அதை மறைத்து வைத்திருந்ததாம்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒருவர்:

எங்கட பெரியப்பா எண்பது வயது வரை சுருட்டுப் பத்தினவர், ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயப்படுத்தாதையுங்கோ.

முதலில் எழுதியவர்:

எல்லோருக்கும் நன்றி. பெரியப்பாவின் கதை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கிறது அண்ணை. அவரோடு பத்தி, ஐம்பதில் போனவர்களின் கதையை அவர்களே வந்து எழுத முடியாது. வேறு என்ன சொல்ல.

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னுக்கு நிற்பது வாய்ப் புற்றுநோய். அதற்குப் பெரிய காரணம் இந்தப் புகையிலை, பாக்கு, வெற்றிலைச் சப்பல்தான். பாக்கும் தனியாகவே தீங்கு. புகையிலையைப் புகைத்தாலும் சப்பினாலும் நிக்கொட்டின் உள்ளே போவது போவதுதான். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை இருந்தால், ஆறாத புண் இருந்தால், பல் கிளினிக்கில் ஒருக்கால் காட்டச் சொல்லுங்கள். கடலில் வாய்க்கு வேலை வேண்டுமென்றால் கறுவாப்பட்டை, கராம்பு கொடுத்து விடுங்கள். நேரே கதைத்து ஆலோசனை கேட்க விரும்பினால் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

ஐயா, மருந்து விசயம் எனக்கும் புதுசு. எங்கள் தெருவில் தொய்வுக்காரர் இரண்டு பேர் இருக்கிறார்கள், இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கடை, வயல், மெசின் எல்லாம் கடந்துவிட்டேன். செத்தவீடுதான் ஏலாமல் இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, சுருட்டு, பீடி, சிகரெட் எல்லாம் ஒரே தட்டத்தில் வைத்து, வருகிற ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டுகிறார்கள். எடுக்காவிட்டால் வீட்டுக்காரரை மதிக்காதது போலப் பார்க்கிறார்கள். போன மாதம் பாக்குச் சீவல் ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சமாளித்தேன். விட்டவர்கள் இதை எப்படிக் கடந்தீர்கள்? தட்டத்தில் சிகரெட்டே வைக்காமல் செத்தவீடு நடத்திய ஊர் எதுவும் நம் பக்கம் இருக்கிறதா?