வோல்கா ஜெர்மானியர்களுக்கு மட்டும் ஊர் திரும்பும் உரிமை ஏன் மறுக்கப்பட்டது?

குறிஞ்சிவாணன்:
வணக்கம். ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் 1763இல் விடுத்த அழைப்பை ஏற்று, படைச்சேவையிலிருந்து விலக்கு, சமயச் சுதந்திரம், நெடுங்கால வரிவிலக்கு ஆகிய வாக்குறுதிகளை நம்பி வந்து, சராத்தவ் நகரையொட்டி வோல்காவின் இரு கரைகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களை அமைத்தவர்கள் வோல்கா ஜெர்மானியர்கள். அவர்களுடைய சந்ததியினரை 1941 ஆகஸ்ட் 28ஆம் நாள் ஆணையின் மூலம் ஸ்டாலின் அரசு சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் அனுப்பியதன் காரணம் ஓரளவு விளங்குகிறது. படையெடுத்து வந்தவனின் மொழியை இவர்களும் பேசினார்கள் என்பதே அன்று போதுமானதாக இருந்திருக்கும். விளங்காதது அதன் பின்கதைதான். இதேபோல் நாடுகடத்தப்பட்ட செச்சென், இங்குஷ், கல்மிக், கராச்சாய், பல்கார் மக்களுக்கு 1957இல் தன்னாட்சி திரும்பக் கிடைத்தது. இவர்களுக்கு மட்டும் அது ஏன் கிடைக்கவில்லை?

பேரலை:
தலைப்பில் உள்ள ‘மட்டும்’ என்ற சொல்லை முதலில் நீக்கிவிடுவோம். கிரிமியத் தாத்தார்களுக்கும் மெஸ்கேத்தியத் துருக்கியர்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1956 பிப்ரவரியில் கட்சி மாநாட்டின் மூடிய அமர்வில் சோவியத் தலைவர் குருசேவ் ஸ்டாலினைக் கண்டித்துப் பேசியபோது, அநீதிக்கு உள்ளான இனங்கள் என்று அவர் குறிப்பிட்டவற்றில் இம்மூன்றும் இல்லை.

காரணங்களில் நான் பொருளாதாரத்துக்கே முதலிடம் தருவேன். 1954இல் வட கஜகஸ்தானில் தரிசு நிலங்களை உழவுக்குக் கொண்டுவரும் பெருந்திட்டம் தொடங்கியது. வயல்களிலும் கரகண்டா நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்துக்கொண்டிருந்த ஜெர்மானியர்களை விட்டுவிட அரசுக்கு மனமில்லை. 1941க்கு முன் அவர்களுக்கு வோல்கா கரையில் இருந்த தன்னாட்சிக் குடியரசை மீட்டுத்தரக் கோரி 1965இல் மாஸ்கோ சென்ற தூதுக்குழுவிடம் சோவியத் தலைவர்களில் ஒருவரான மிக்கோயான் காட்டிய காரணமும் இதுவே. மேலும், குடியரசின் நிலப்பரப்பு 1941 செப்டம்பரிலேயே சராத்தவ், ஸ்டாலின்கிராட் மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு, வீடுகளில் வேறு மக்கள் குடியேறியிருந்தார்கள்.

எழிலரசி:
பேரலை ‘உழைத்துக்கொண்டிருந்த’ என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டது எனக்கு உறுத்துகிறது. அந்த மக்கள் ‘த்ருதார்மியா’ என்று சொல்லும் உழைப்புப் படைக்கு 1942 ஜனவரி முதல் 17 வயதிலிருந்து 50 வயது வரையிலான ஆண்கள் பிடிக்கப்பட்டார்கள். அக்டோபரில் அந்த எல்லை 15 முதல் 55 வரை விரிந்ததோடு, 16 முதல் 45 வயது வரையிலான பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். கருவுற்றவர்களுக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ளவர்களுக்கும் மட்டுமே விலக்கு. குழந்தைக்கு நான்கு வயதாகியிருந்தால் அதை உறவினரிடமோ, யாருமில்லையெனில் கூட்டுப்பண்ணையிடமோ விட்டுவிட்டுத் தாய் போக வேண்டியிருந்தது. காடு வெட்டுவதும், சுரங்கம் தோண்டுவதும், செல்யாபின்ஸ்க் உருக்காலை போன்ற கட்டுமானங்களும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலைகள். தங்குமிடத்தைச் சுற்றி முள்வேலி இருந்தது.

போர் முடிந்த பிறகும் விடுதலை இல்லை. 1948 நவம்பர் ஆணை இந்தக் குடியமர்வு நிரந்தரமானது என்றும், அனுமதியின்றி வெளியேறினால் இருபதாண்டுக் கடுங்காவல் என்றும் அறிவித்தது. மேற்கு ஜெர்மனியின் ஆட்சித் தலைவர் அடெனாவர் மாஸ்கோ வந்து சென்ற சில மாதங்களில், 1955 டிசம்பரில், காவல் அலுவலகத்தில் பதிந்துகொள்ளும் கட்டாயம் நீங்கியது. ஆனால் பறிக்கப்பட்ட சொத்தைக் கோரவும் பழைய ஊருக்குத் திரும்பவும் உரிமையில்லை என்பதை அதே ஆணை தெளிவாகச் சொன்னது. 1964 ஆகஸ்டில் வந்த ஆணையோ, ஒட்டுமொத்த இனத்தின் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அவர்கள் புதிய இடங்களில் வேரூன்றிவிட்டார்கள் என்று முடித்துக்கொண்டது. பிடுங்கி எறிந்தவர்களே வேரூன்றியதற்கும் சான்றிதழ் தருகிறார்கள்! விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமை 1972இல்தான் வந்தது.

குறிஞ்சிவாணன்:
இருவருக்கும் நன்றி, ‘மட்டும்’ என்றது என் பிழைதான். சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகாவது வழி பிறக்கவில்லையா? இன்னொன்று: பழைய வரைபடத்தில் உள்ள ஊர்ப்பெயர்களை இன்றைய வரைபடத்தில் காண முடியவில்லையே?

பேரலை:
1989 கணக்கெடுப்பில் ஒன்றியம் முழுவதும் சுமார் 20 லட்சம் ஜெர்மானியர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 9.5 லட்சம் பேர் கஜகஸ்தானில் இருந்தார்கள். சராத்தவ் பகுதியில் குடியேறியிருந்தவர்கள் புதிய ஜெர்மன் தன்னாட்சியை வெளிப்படையாக எதிர்த்தார்கள். 1992 ஜனவரியில் அங்கு வந்த ரஷ்யக் குடியரசுத் தலைவர் எல்த்சின், ஜெர்மானியர்களுக்கு வேண்டுமானால் கபூஸ்தின் யார் ஏவுகணைச் சோதனைத் திடலில் இடம் தரலாம் என்ற பொருளில் பேசியபோது, பலருடைய நம்பிக்கை அற்றுப்போனது. ஜெர்மனியின் கதவு திறந்திருந்தது. குடும்பத்தினரையும் சேர்த்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கு சென்றுவிட்டார்கள். ஆனால் 1996 முதல் அங்கு குடியேற மொழித்தேர்வு வந்தது. 1941க்குப் பிறகு ஜெர்மன் பள்ளிகளே இல்லாமல், பாட்டியின் பதினெட்டாம் நூற்றாண்டு வட்டார வழக்கை மட்டும் செவிவழியாகக் கற்றவர்களுக்கு அது எளிதாக இருக்கவில்லை.

எழிலரசி:
ஊர்ப்பெயர்களில் பெரும்பாலானவை போர்க்காலத்தில் மாற்றப்பட்டவை. பால்த்சர் என்று தேடாதீர்கள். கிராஸ்னோஅர்மெய்ஸ்க் என்று தேடுங்கள். கேத்தரினின் பெயரால் அமைந்த கத்தாரினென்ஸ்டாட் 1920இல் மார்க்ஸ்டாட் ஆகி, பின்னர் ‘ஸ்டாட்’ என்ற ஜெர்மன் ஈற்றை இழந்து மார்க்ஸ் என்று நிற்கிறது. குடியரசின் தலைநகரத்தின் பெயர் போர்க்காலத்தில் மாறவில்லை: எங்கெல்ஸ், சராத்தவுக்கு நேர் எதிர்க்கரையில்.