இடுப்புவலி டெஸ்ட்ல ஆளுக்கு ஒரு ரிசல்ட் வருது, உதவுங்க

வணக்கம், இங்க பிசியோ யாராச்சும் இருந்தா சொல்லுங்களேன். மூணு மாசத்துக்கு மேல இடுப்புவலி இருக்கறவங்களுக்கு வெயிட்டர்ஸ் போ டெஸ்ட் பண்றோம், அதாவது முதுகை வளைக்காம தொடை மூட்டுலருந்து மட்டும் குனியச் சொல்றது, ஆனா ஒரே பேஷண்ட்ட நானும் என்கூட வேலை பாக்கற அக்காவும் பாத்தா நான் ஃபெயில்ங்கறேன் அவங்க பாஸ்ங்கறாங்க. கீழ்முதுகு லேசா உருண்டு வர்ற அந்த ஒரு நொடிலதான் பிரச்சனையே, லூசான டாப்ஸ் போட்டிருந்தா சுத்தமா தெரியமாட்டேங்குது.

லுவோமயோகிங்கற பிசியோ ஆராய்ச்சியாளரோட டீம் 2007ல 40 பேரை வீடியோ எடுத்து இந்த மாதிரி 10 டெஸ்ட் பாத்தாங்க, வேற வேற பிசியோ மார்க் போட்டப்ப கப்பா (ரெண்டு பேரோட மார்க் எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு சொல்ற நம்பர், 1னா முழுசா ஒத்துப்போகுது) 0.24லருந்து 0.71 வரைக்கும்தான், 0.6 தாண்டினது ஆறே டெஸ்ட். ஆனா அங்க எல்லாரும் பாத்தது ஒரே வீடியோ, எங்க ஓபில ரெண்டாவது தடவ குனியறப்பவே வலி கூடிடுது இல்லன்னா பழகிடுது, அதனால அந்த நம்பர அப்படியே நம்ப எனக்கு மனசு வரல.

நீங்க போன்ல வீடியோ எடுத்து ஸ்கோர் பண்றீங்களா, இல்ல எவ்ளோ அசைஞ்சா ஃபெயில்னு முன்னாடியே பேசி வச்சுக்கறீங்களா? இத வச்சுதான் எக்ஸர்சைஸ் குடுக்கறோம், தப்பா போனா கஷ்டப்படறது அவங்கதான். அனுபவம் இருக்கறவங்க ப்ளீஸ் விவரமா எழுதுங்க.