புயற்காற்றில் விறகடுப்பின் புகை வீட்டுக்குள் திரும்புகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி (பேர்கன், நோர்வே)

வணக்கம். மலைச்சரிவில் உள்ள எங்கள் வீட்டின் வார்ப்பிரும்பு விறகடுப்பு அமைதியான நாட்களில் குறையின்றி எரிகிறது. தென்மேற்கிலிருந்து புயற்காற்று வீசும் இரவுகளில் மட்டும், விறகு வைப்பதற்குக் கதவைத் திறந்ததும் புகை அறைக்குள் பாய்கிறது. சிறு பிள்ளைகள் இருப்பதால் கவலையாக உள்ளது. புகைபோக்கியை உயர்த்த வேண்டுமா, எரிக்கும் முறையை மாற்றினால் போதுமா?

மறுமொழி 1

புகைபோக்கியின் இழுவை, உள்ளிருக்கும் சூடான புகை வெளிக்காற்றைவிட இலேசாக இருப்பதால் உண்டாவது. அதன் வலிமை மிகச் சிறியது. பல விறகடுப்புகள் 12 பாஸ்கல் அளவிலான இழுவைக்கே வடிவமைக்கப்படுகின்றன. நொடிக்கு 10 மீற்றர் வேகத்தில் வீசும் காற்றோ, எதிர்ப்படும் சுவரின்மேல் ஏறத்தாழ 60 பாஸ்கல் அழுத்தத்தைச் செலுத்தக்கூடியது. தடையின்றி வீசும் காற்று புகையை மேலே உறிஞ்சி உதவவே செய்யும். ஆனால் அருகில் உயரமான கூரையோ மரமோ மலைமுகடோ இருந்தால், அதைத் தாண்டி வரும் காற்று கீழ்நோக்கிச் சுழன்று புகைபோக்கியின் வாயில் அழுத்துகிறது. ஒரே திசைக் காற்றில் மட்டும் இது நிகழ்வதால், தென்மேற்கில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

மறுமொழி 2 (கனடாவிலிருந்து)

இங்கு பின்பற்றப்படும் விதிப்படி, புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எந்தக் கட்டடப் பகுதியைவிடவும் 2 அடியும் உயர்ந்திருக்க வேண்டும். காற்று மிகுந்த சரிவுகளில் இது போதாமற் போவதுண்டு. அங்கு உயரத்தைக் கூட்டுவதோ காற்றுத்தடுப்பு மூடி பொருத்துவதோ பயன் தரும்.

எனினும் செலவு செய்வதற்கு முன் வீட்டுக்குள் சோதித்துப் பாருங்கள். இறுக்கமாகக் கட்டப்பட்ட வீட்டில் சமையலறைப் புகை உறிஞ்சி இயங்கினால், அது அடுப்பின் புகையையே அறைக்குள் இழுத்துவிடும். அதை நிறுத்திவிட்டு, காற்று வந்து மோதும் பக்கத்து யன்னலைச் சிறிதளவு திறந்து வையுங்கள். எதிர்ப்பக்க யன்னலைத் திறந்தால் வீட்டுக் காற்று வெளியே உறிஞ்சப்பட்டு நிலைமை மோசமாகும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி. தென்மேற்குப் பக்கத்தில் எங்கள் கூரையைவிட உயர்ந்த அயல்வீடு ஒன்று நிற்கிறது. உறிஞ்சியை நிறுத்தியபோது புகை குறைந்தது, ஆனால் முற்றாக நிற்கவில்லை.

மறுமொழி 3

அப்படியானால் இரண்டு காரணங்களும் சேர்ந்திருக்கின்றன. நகரசபையின் புகைபோக்கித் துப்புரவாளரை அழைத்து, உயரத்தையும் உள்ளே படிந்த கரியையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை 20 சதவீதத்துக்கும் குறைந்த ஈரமுள்ள விறகைக் கொண்டு, சிறிய ஆனால் சுறுசுறுப்பான தீயாக எரியுங்கள். சுள்ளிகளை மேலே வைத்து மேலிருந்து பற்றவைத்தால் புகைபோக்கி விரைவில் சூடேறும். விறகு சேர்க்கும்போது காற்றுத் திறப்பை முழுதாகத் திறந்து, கதவைச் சற்றே நீக்கி, இழுவை நிலைத்த பின்பே அகலத் திறக்க வேண்டும்.

புயல் இரவில் காற்றைக் குறைத்துத் தணலாக விட்டுவிட்டு உறங்கச் செல்வதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். தணியும் தீயில் இழுவை தளர்ந்து, நிறமும் மணமும் அற்ற கார்பன் மொனொக்சைட்டு அறைக்குள் வரக்கூடும். அதற்குரிய எச்சரிக்கைக் கருவியைப் பிள்ளைகள் உறங்கும் அறைக்கு அருகில் இன்றே பொருத்துங்கள்.