‘வளியுமிழ்வு’க்குப் பதில் ‘வளிவிடல்’ கொள்வோமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானல் பள்ளிப் பிள்ளைகளுக்கான வானியல் கையேட்டில் வால்மீன் பாடம் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. வால்மீனின் பனி வெயிலில் சூடாகி நேரே வளியாக வெளியேறுகிறதே (outgassing), அதற்கு வளியுமிழ்வு, வாயுக்கசிவு, ஆவிபறத்தல் என்று மூன்று வந்துள்ளன. நான் ‘வளிவிடல்’ என்று முன்வைக்கிறேன்.

உமிழ்வு என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது உமிழ்வு நிறமாலை, அதாவது ஒரு வளி வெளியிடும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த வரிசை. வால்மீனிலிருந்து வருவது என்ன வளி என்பதையே நிறமாலையைப் பார்த்துத்தான் சொல்கிறோம். ஒரே பக்கத்தில் இரண்டு உமிழ்வு வந்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கசிவு என்றால் சிலிண்டர் விபத்துதான். ஆவிபறத்தலை விட எனக்கு மனமே இல்லை. கோத்தகிரி நண்பர் எழுதியதுபோல, மழை விட்டு வெயில் அடித்ததும் தேயிலைச் சரிவில் ஆவி எழுவதைப் பார்க்காத பிள்ளை இந்த மலைகளில் கிடையாது. ஆனால் ஆவி எழுந்ததால் மலை நகர்வதில்லை. வால்மீனோ வளி வெளியேறுவதால் தன் பாதையிலிருந்து சற்றே நகர்கிறது. பாடமே அதுதான்.

1910-இல் நம் கொடைக்கானல் வானாய்வகத்தில் படமெடுத்த ஹாலி வால்மீன், கோள்களின் ஈர்ப்பையெல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கைவிட ஏறக்குறைய 3 நாள் பிந்தித்தான் சூரியனை நெருங்கியது. என்கே வால்மீனோ 19-ஆம் நூற்றாண்டில் சுற்றுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் முந்திக்கொண்டே வந்தது. 1950-இல் அமெரிக்க வானியலாளர் விப்பிள் இதை விளக்கினார். வளி ஒரு பக்கம் பாய்ந்தால் கரு, அதாவது வால்மீனின் பனிக்கட்டி உடல், மறுபக்கம் தள்ளப்படும். கரு சுழல்வதால் அதிகச் சூடு நண்பகல் தாண்டிய பகுதியில் இருக்கும். அதனால் தள்ளல் சற்றுச் சாய்வாக விழும். சூரியனைச் சுற்றும் திசையிலேயே தன்னைத்தானே சுழலும் கருவுக்கு அது முன்னோக்கிக் கிடைக்கும், பாதை விரியும், வருகை பிந்தும். எதிர்த்திசையில் சுழன்றால் பாதை சுருங்கும்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையிலும் இதே கதை, மிக மெல்லியதாக. 1996-இல் அங்குள்ள எல்ஸ்ட்–பிசாரோ என்ற சிறுகோளுக்கு வால்மீன்போல வால் தெரிந்தது. 2006-இல் இத்தகையவற்றைத் தனி வகையாக வைத்தார்கள். 2023-இல் அவ்வகையைச் சேர்ந்த ரீட் வால்மீனில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி நீராவியைக் கண்டது, கார்பன் டை ஆக்சைடு தென்படவில்லை. சூரியனிலிருந்து சுமார் 2.8 வானியல் அலகுக்கு (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு) அப்பால் நீர்ப்பனி வளியாவது வேகமாகக் குறைந்துவிடும். பட்டையோ அந்த எல்லைக்கு இருபுறமும் கிடக்கிறது. ஆகவே சூரியனை நெருங்கும் சில மாதங்களில் மட்டும் சிறு தள்ளல். தொலைவிலிருந்து வந்த ஒரு வால்மீனைப் பட்டைக்குள் கொண்டுவந்து நிறுத்த அது போதாது. இவற்றில் பெரும்பாலானவை பட்டையிலேயே தோன்றியவை என்று ஆய்வாளர்கள் கருத அதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் சொல்ல வினையாக இயங்கும் சொல் வேண்டும். மூச்சுவிடுதல், புகைவிடுதல் போல வளிவிடுதல். வளிவிடும் சிறுகோள், வளிவிட்ட பக்கம், அப்புறம் அந்தத் தள்ளலுக்கு ‘வளிவிடு விசை’ என்ற வினைத்தொகை. ‘ஈர்ப்பல்லா விசை’ (ஈர்ப்பு தவிர்த்த எல்லா விசையும்) போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் ஒளியழுத்தமும், அதாவது சூரிய ஒளி தரும் தள்ளலும், அடங்கிவிடும். அது தாய்ச்சொல்லாக இருக்கட்டும், இது அதன் கீழே வரட்டும்.

விடல் என்றால் ‘விட்டொழித்தல்’ என்று யாராவது படிப்பார்களா? எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்கள் பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.