சங்கீதம் 42: அருவியா, கடலா? எபிரேயம் அறிந்தவர்கள் உதவுங்கள்

வேதாகமத்தின் இந்தப் பாடலில், 1ஆம் வசனத்தில் மான் நீரோடைக்குத் தவிக்கிறது. 7இல் அதே தண்ணீர் பாடுகிறவரை மூழ்கடிக்கிறது. (எபிரேய மூலத்தில் தலைப்பும் ஒரு வசனம் என்பதால் இவை 2, 8. ஒப்பிடும்போது தடுமாற வேண்டாம்.)

6இல் யோர்தான் ஆறும் எர்மோன் மலையும் வருவதால், எர்மோன் அடிவாரத்துப் பானியாஸ் அருவியின் இரைச்சல்தான் 7ஆம் வசனம் என்கிறார்கள் சிலர். எனக்கு அது போதவில்லை. அலைகள் புரண்டுபோகும் அதே வரி யோனா 2:3இலும் உண்டு. அங்கே நடுக்கடல், அருவிக்கு இடமே இல்லை. ஆக, இது புலம்பல் பாடல்களின் பொதுச்சொத்தா, அல்லது ஒன்று மற்றதிலிருந்து எடுத்ததா?

சங்கீதம் 69இல் கழுத்தளவு வெள்ளத்தோடு உளையும் (சேறு) சேர்கிறது. கால் ஊன்ற இடமில்லை. அதையும் இதே வகையில் சேர்க்கலாமா? சிரியாவின் பழைய நகரான உகரித்தின் பாடல்களில் பாகால் தெய்வம் கடலோடு பொருதுவதை ஒப்பிட்டுப் படித்தவர்கள், வசன எண்ணோடு பதில் தாருங்கள்.