தனியாக ஆடப் போனால் செட்டு டீமிடம் அடி வாங்குவதுதான் விதியா?

மன்னார்குடிக்காரன்: குறுவை அறுப்பு வேலை முடிந்து ராத்திரி 10 மணிக்குத்தான் போனையே எடுக்கிறேன். ஆன்லைனில் 100 பேர் ஒரே களத்தில் குதித்துச் சுட்டுக்கொள்கிற ஆட்டம், நால்வர் அணி. எனக்கு வாய்க்கிற மூன்று பேரும் முன்பின் தெரியாதவர்கள், மைக்கே போடுவதில்லை. எதிரே வருவதோ மாதக்கணக்கில் சேர்ந்து பழகிய செட்டு. இதை எப்படித்தான் சமன் செய்வது?

வெண்ணாற்றங்கரை: திருவிழா கபடி மாதிரிதான். அவசரத்துக்குச் சேர்த்த ஏழு பேர், தினமும் மண்ணில் புரள்கிற ஊர் டீமை ஜெயிக்க முடியுமா? 1960இல் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட ஈலோ மதிப்பெண் முறை, அதாவது வெற்றி தோல்வியை வைத்துத் திறமைக்கு எண் போடுகிற முறை, ஒற்றை ஆளை அளக்கத்தான். நாலு பேர் பேசிவைத்து ஆடும்போது கூடுகிற பலம் அதில் தானாக வந்துவிடாது. அதனால் குழுவாக வருகிறவர்களின் மதிப்பெண்ணைக் கொஞ்சம் கூட்டிக் கணக்கிட்டு வலுவான எதிரிகளோடு கோக்க வேண்டும்.

குடந்தை டிகிரி காபி: தனியாக வருகிறவர்களை மட்டும் ஒன்றாகக் கோக்கத் தனி வரிசை வைத்தால் தீர்ந்தது என்பார்கள். ஆள் குறைவான நேரத்தில் காத்திருந்தே தூங்கிவிடுவீர்கள். ஐவர் அணியாக ஆடுகிற வேலரன்ட் என்ற சுடும் ஆட்டத்தில், ரேங்க் ஆட்டத்துக்கு நான்கு பேர் குழுவாகப் போக முடியாது, ஐந்தாவதாக மாட்டுகிற தனி ஆள் பாவம் இல்லையா.

மன்னார்குடிக்காரன்: சரி, அப்போ முதலில் மைக் போடுகிற மூன்று பேரைப் பிடிக்கிறேன். திருவாரூர் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?