ஞானப்பல் நான்கையும் ஒரே நாளில் எடுக்க வேண்டுமா?

செந்தூல் தம்பி:
வணக்கம். எனக்கு வயது 23. கீழ்த்தாடையில் வலப்பக்க ஞானப்பல் பாதிதான் வெளியே வந்திருக்கிறது. பிப்ரவரியில் ஒருமுறை, போன மாதம் ஒருமுறை அதன்மேல் ஈறு வீங்கி வாயைத் திறக்க முடியாமல் போனது. எக்ஸ்ரே பார்த்த பல் டாக்டர் நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்கிறார். மேலே இரண்டும் நேராக முளைத்தவை. கீழே இடப்பக்கத்துப் பல் எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. இந்த மூன்றும் ஒருநாளும் வலித்ததில்லை. வலிக்காத பல்லை எதற்கு எடுக்க வேண்டும் என்று அம்மா கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆயர் ஈத்தாம் அக்கா:
எடுத்துவிடுங்கள் தம்பி. எனக்கும் வலிக்கவில்லை என்றுதான் 41 வயது வரை தள்ளிப்போட்டேன். என் பல் சாய்ந்து, முன்னால் இருந்த கடைவாய்ப்பல்லின் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கில் பிரஷ் நுழையாது. சொத்தை விழுந்தது வெளியில் தெரியவே இல்லை. தெரிந்தபோது நல்ல பல்லையும் சேர்த்துப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. உங்கள் வயதில் எலும்பு இவ்வளவு இறுகியிருக்காது, புண்ணும் சீக்கிரம் ஆறும். நாற்பதுக்கு மேல் நான் பட்ட பாடு வேண்டாம். பத்து நாள் கஞ்சிதான். அதையும் சிறு கரண்டியால்தான் ஊட்டிக்கொள்ள முடிந்தது.

பத்துமலைக்காரன்:
அக்காவின் வேதனை புரிகிறது. ஆனால் தொல்லை தராத பல்லை எடுத்து அவதிப்பட்டவன் நான். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். எனக்கு அது நசுங்கி, ஐந்து மாதம் பாதி உதடு மரத்துக் கிடந்தது. காப்பி மோவாயில் வழிவது எனக்குத் தெரியாது, எதிரில் உட்கார்ந்திருக்கும் மகள்தான் துடைத்துவிடுவாள். சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டதைக்கூடச் சட்டைக் காலரில் இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் என்ற அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே, நோயில்லாமல் புதைந்திருக்கும் ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது. தம்பியின் அம்மா கேட்பது நியாயமான கேள்வி.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அந்த வழிகாட்டியின் மறுபாதியையும் சொல்லுங்கள் அண்ணா. ஈறு முதல்முறை வீங்கினால், மிகக் கடுமையாக இருந்தாலொழிய அறுவை வேண்டாம். இரண்டாம் முறையும் வந்தால் எடுப்பதற்கு அது தகுந்த காரணம் என்றும் அதிலேயே இருக்கிறது. தம்பிக்கு இரண்டு முறை வந்துவிட்டது.

பத்துமலைக்காரன்:
வலப்பக்கத்தை எடுக்கட்டும், அதை நான் தடுக்கவில்லை. மற்ற மூன்றும் என்ன குற்றம் செய்தன? ஞானப்பல் பின்னாலிருந்து தள்ளி முன்பற்களைக் கோணலாக்கிவிடும் என்று என் மகளையும் பயமுறுத்தினார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது.

பட்டர்வொர்த் தாதி:
அரசாங்கப் பல் கிளினிக்கில் வேலை செய்கிறேன். மலாயில் இதற்குக் கீகி போங்சு, அதாவது கடைக்குட்டிப் பல் என்று பெயர். கடைசியில் வருவதால் இதற்குத்தான் இடம் போதாமல் போகிறது. தம்பி, எக்ஸ்ரேயில் நரம்பு செல்லும் குழாயின் இரு கரையும் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடு வேரைக் கடக்கும் இடத்தில் அறுந்தாற்போல் இருந்தால், வேரும் நரம்பும் ஒட்டியிருக்கலாம். அப்போது முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் பல்லின் தலையை மட்டும் வெட்டியெடுத்து வேரை உள்ளேயே விட்டுவிடும் முறையும் உண்டு. ஒவ்வொரு பல்லுக்கும் இதைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

செந்தூல் தம்பி:
படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலப்பக்கத்தில் கோடு வேருக்குக் கீழே தனியாக ஓடுகிறது. இடப்பக்கத்தில், அந்த வலிக்காத பல்லில், வேரின்மேல் கோடு மறைந்துபோகிறது. நேற்று டாக்டரிடம் காட்டிக் கேட்டேன். அங்கே ஆபத்து கூடுதல்தான் என்று ஒப்புக்கொண்டார்.

பத்துமலைக்காரன்:
அதை விட்டுவிடுங்கள், தம்பி. என் உதடு மரத்ததும் அதே இடப்பக்கத்தில்தான்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
சரி, இடப்பக்கம் இருக்கட்டும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் விட்டுவைத்த பல்லை யார் கவனிப்பது? புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வளரலாம். வலியே இல்லாமல் எலும்பைத் தின்னும். அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். வேலை மாறும், கல்யாணம் ஆகும், ஊர் மாறும். என்னையும் "ஆண்டுக்கொருமுறை வாருங்கள்" என்றுதான் அனுப்பினார்கள். பதினாறு ஆண்டு நான் போகவில்லை. கீழே எடுத்துவிட்டால் மேல்பல்லுக்குக் கடிக்க எதிர்ப்பல் இருக்காது, அது இறங்கி வந்து கன்னத்தைக் குத்தலாம். அதையும் கேட்டீர்களா?

செந்தூல் தம்பி:
கேட்டேன் அக்கா. வலப்பக்கம் மேலும் கீழும் இரண்டை மட்டும் எடுக்க நாள் குறித்துவிட்டேன், வரும் வெள்ளி காலை 9 மணி. இடப்பக்கத்து எக்ஸ்ரேக்கு அடுத்த ஆண்டுத் தேதியை இப்போதே வாங்கி, அம்மா அடுப்படியில் மாட்டியிருக்கும் நாள்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

பட்டர்வொர்த் தாதி:
எடுத்த பிறகு சிகரெட் கூடாது, உறிஞ்சுகுழாயில் எதையும் குடிக்காதீர்கள். குழியில் உறைந்த இரத்தம் கழன்றுவிட்டால் மூன்றாம் நாள் வலி தாங்க முடியாது. அப்படி வலித்தால் கிராம்பு எண்ணெயோடு வீட்டில் உட்கார்ந்திருக்காமல், உடனே கிளினிக்கிற்குப் போங்கள்.